வாட்ச்மேன் டீ குடிக்கப் போகும் நேரம்

உக்கடம் பெரிய குளத்துக் கரையில் காலையில் நடக்கிற நம் கூட்டத்தில் போன வாரம் ஒரு பேச்சு வந்தது. நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். நம்மில் ஒருவருடைய பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு போர் விளையாட்டுப் பெட்டி வந்திருக்கிறதாம். கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள், தூரம் அளக்க ஒரு சின்ன ஸ்கேல், பகடைகள், மேசைமேல் விரிக்க மலையும் ஆறும் அச்சடித்த அட்டை. "எட்டு வயசுப் பையனுக்கு இதெல்லாம் நல்லதுங்களா?" என்று அவர் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னீர்கள். சண்டைக் குணம் வரும் என்றார் ஒருவர். செல்போனுக்கு இது தேவலாம் என்றார் இன்னொருவர். "ஏனுங்க, நீங்க ஒண்ணுமே சொல்லலீங்க?" என்று என்னைக் கேட்டதற்கு, "முழங்கால் வலிக்குதுங்க" என்றேன்.

முழங்கால் வலிக்கவில்லை. அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெட்டி எனக்கு ஞாபகம் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது போகவில்லை. நடந்துகொண்டே சொல்ல முடியாததால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு அந்தப் பேரனுக்கு என்ன சொல்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அண்ணன் ஏழாம் வகுப்பு. சிங்காநல்லூர் தாண்டி சூலூர் போகிற வழியில் ஒரு நூல் மில்லில் அப்பா ஃபிட்டர். மில் காம்பவுண்டுச் சுவருக்கு எதிரே இருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரே அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் குளிக்கிற பொடக்காளி. மில்லின் இரைச்சல் எங்களுக்குக் காதில் விழாது. அது நின்றால்தான் காதில் விழும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் அது நின்றது. நூற்கும் மிஷினில் இரண்டு சைடு பார்த்துக்கொண்டிருந்த ஆள் இனி நாலு சைடு பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. முடியாது என்று தொழிலாளர்கள் வெளியே வந்து கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா பேசுகிற ஆள் அல்ல. பந்தலிலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். ஆனால் ஒருநாள்கூடப் போகாமல் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை. வீட்டு நிலவரம் தெரியாமல் எங்களுக்கு ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் வந்த புது பிளாஸ்டிக் வாசனை எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. சிவப்பில் பத்துச் சிப்பாய்கள், நீலத்தில் பத்து. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் உயரம்தான். பக்கத்துக்கு ஒரு குதிரைக்காரன், ஒரு பீரங்கி. இரண்டு பகடை. கட்டம் போட்ட அட்டையில் ஓர் ஆறு, ஒரு பாலம், இரண்டு கரையிலும் பனி மூடிய ஊர்கள். நீலக் குதிரைக்கு ஒரு கால் முறிந்தே வந்திருந்தது. அண்ணன் மெழுகுவர்த்தியை உருக்கி ஒட்டவைத்தான்.

விதிகள் ஒரு தாளில் ஆங்கிலத்தில் இருந்தன. அண்ணன் பள்ளிக்கூடத்து அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தான். சிப்பாய் இரண்டு கட்டம் போகலாம், குதிரை நாலு. பக்கத்துக் கட்டத்தில் எதிரி இருந்தால் பகடை உருட்டலாம். நாலோ அதற்கு மேலோ விழுந்தால் அவன் காலி. சுவருக்குப் பின்னால் நிற்பவனை வீழ்த்த ஆறு விழ வேண்டும். பின்வாங்குதல் என்று பின்னாளில் தெரிந்துகொண்ட 'ரிட்ரீட்' என்ற சொல் மட்டும் அந்த அகராதியில் இல்லை. ட்ரீட் என்றால் விருந்து, அதனால் இது மறுபடியும் விருந்து என்று அவனே முடிவு கட்டினான். ஆகவே யாருடைய சிப்பாய் 'ரிட்ரீட்' ஆகிறானோ அவர்களுக்கு எதிராளி ஒரு கடலை மிட்டாய் தர வேண்டும். சண்டை தோற்கப் போகிற நேரத்தில் எதற்கு விருந்து என்று நாங்கள் யோசிக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

நாங்களாகச் சேர்த்த விதி ஒன்று உண்டு. சூலூர் விமானத் தளத்திலிருந்து கிளம்பும் விமானம் தலைக்குமேல் பறந்தால் நீலத்துக்கு ஓர் ஆட்டம் கூடுதல். அதனால் நீலத்துக்கு விளையாடுகிறவர் காதைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவதாக ஒருத்தி சேர்ந்தாள். ஆள் வருகை குறிக்கும் மில் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்தவரின் மகள், என் வகுப்புத் தோழி. அவர்கள் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியதும் ஸ்டாஃப் பிள்ளைகள் லைன் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் வேலியில் இருந்த இடைவெளி வழியாக வந்துவிடுவாள். வந்ததும் சொல்வாள்: "எங்கப்பாகிட்டச் சொல்லிப் போடாதீங்க. தெரிஞ்சா அவ்வளவுதான்."

பத்து நாளில் பனி ஊர் அலுத்துப்போனது. ஒருநாள் அவள்தான் கேட்டாள்: "நம்ம மில்லையே போர்டாப் போட்டா என்ன?"

அண்ணன் கண் பளிச்சிட்டதைப் பார்த்தேன். அன்றைக்கே பழைய காலண்டர் தாள் நாலைத் திருப்பிப் போட்டு மைதாப் பசையால் ஒட்டினோம். அப்பாவின் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கட்டம் போட்டான். ஆனால் அவனுக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். "மூலைல இருந்து மூலைக்கு எத்தன அடின்னு தெரியாம எப்படிப் போடறது? பாப்பா, நீ போயி அளந்துட்டு வா. நாம்போனா சந்தேகப்படுவாங்க. உன்னய யாரும் கண்டுக்க மாட்டாங்க."

நான் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சுவரோரமாக அடி எண்ணிக்கொண்டே நடப்பேன். முன் கேட்டிலிருந்து வேப்ப மரத்து மூலைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. அங்கிருந்து பின் கேட்டுக்கு நூற்று எழுபது. பஞ்சு குடோனுக்குப் பின்னால் சுவர் ஓரிடத்தில் இடிந்து என் இடுப்பு உயரம்தான் இருந்தது, அதையும் குறித்துக்கொண்டேன். பின் கேட் வாட்ச்மேன் காலையில் பதினொரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் எழுந்து எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போவார் என்பதை லீவு நாளில் நின்று பார்த்தேன். காவல் இல்லாத நேரத்தில் சிவப்புக்கு இரட்டை ஆட்டம் என்று அண்ணன் விதி செய்திருந்ததால், அதை வரைபடத்தின் ஓரத்தில் என் கையாலேயே எழுதினேன். 'வாட்ச்மேன் டீ: 11, 4.' எழுத்து அழகாக இருக்க வேண்டுமென்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஆயுத பூஜை அன்று பார்த்த நினைவில் போட்டோம். அந்த ஒருநாள்தான் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். நீலம் காவல் படை. சிவப்பு வெளியிலிருந்து வரும் படை. சிவப்பு ஆள் ஒருவன் பஞ்சு குடோனை அடைந்து ஆறு உருட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. குடோன் கட்டத்தில் அண்ணன் சிவப்பு மையால் 'தீ' என்று பெரிதாக எழுதினான்.

நாங்கள் மூன்று பேரும் மில்லை எரித்து எரித்து விளையாடினோம். எதிரே பந்தலில் கோஷம் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் பந்தல் ஒழுகியதால் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வேலை நின்றதிலிருந்து அவர் அப்படித்தான். அம்மா முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சத்தமில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தோம். அப்பா எப்போது திரும்பினாரோ தெரியாது.

"அது பஞ்சு குடோனா?" என்றார்.

அண்ணன் பயந்துபோய், "ஆமாங்கப்பா" என்றான்.

"பக்கத்துல ஒண்ணுமே இல்லாம வெச்சிருக்கறீங்க? ஹைட்ரண்ட் எங்க? பஞ்சு இருக்கற எடத்துல தண்ணி இல்லாம எவனாச்சும் குடோன் கட்டுவானா? அந்தப் பென்சிலக் கொடு."

எழுந்து உட்கார்ந்து, வேட்டியை மடித்துக்கொண்டு, குனிந்து எழுதினார். குடோனின் இரு பக்கமும் தண்ணீர்க் குழாய் வாய்கள். பின்னால் ஒரு வால்வு. வாசலில் மணல் வாளி நாலு. வரிசையான சின்ன எழுத்து. எழுதிவிட்டு, "எப்படி வெளையாடறது?" என்றார்.

அவர் சிவப்பு, நான் நீலம். அப்பா என்னோடு உட்கார்ந்து விளையாடுவது அதுதான் முதல் தடவை. மூன்று சிப்பாய்களை இழந்தார். ஒவ்வொரு முறையும் "அட" என்பார். கடைசியில் இடிந்த சுவர் வழியாக ஒரு சிப்பாய் குடோனுக்குள் போய்விட்டான். பகடை உருட்டினார். ஆறு.

"செயிச்சுட்டீங்கப்பா!" என்று அண்ணன் கத்தினான். "தீ வெச்சாச்சு!"

அப்பா அந்தச் சிப்பாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவனை எடுத்து அட்டைக்கு வெளியே வைத்தார். "வேண்டாஞ்சாமி. பஞ்சுல தீ வெக்கறது வேண்டாம். நானு தோத்துட்டன்னு வெச்சுக்க."

"ஆறு விழுந்துதுங்களே!"

"விழுந்தா விழுவட்டும். கண்ணு செயிச்சுட்டா. கடல முட்டாயி அவளுக்கு."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கார்த்திகை பிறந்ததும் தோழிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. கன்னம் இரண்டும் உப்பி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி வீட்டிலேயே வைத்திருந்தார்கள். நான் வேலி வழியாகப் போய் ஜன்னலில் பார்த்தேன். "ஒரே சலிப்பா இருக்கு, மில்லுப் படத்தை ஒருநாள் குடேன்" என்று அழாத குறையாகக் கேட்டாள். வரைபடம் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அது ராணுவ ரகசியம் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அவன் இல்லாத நேரம் பார்த்து அதைச் சுருட்டி, கூடவே ஆறு சிவப்புச் சிப்பாய்களையும் ஒரு பகடையையும் எடுத்துப்போய் ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தேன். "நாளைக்குக் குடுத்தறோணும்" என்றேன். தலையாட்டினாள். அதற்குள் வீக்கம் கூடி, அவளால் வாயைத் திறந்து பேச முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடிக்கும் முன்பே புகை தெரிந்தது. வெள்ளையாக, அசையாமல், மில் பக்கம். ஆசிரியை ஜன்னலருகே போய்ப் பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் ஓடினோம். வழியெல்லாம் எரிந்த பஞ்சின் வாடை. காகிதம் கருகுவது போல இருக்கும். பஞ்சு குடோனில், கழிவுப் பஞ்சு போட்டு வைத்திருந்த மூலையில் பிடித்திருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்து ஒரு மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை.

"எத்தன மணிக்குப் புடிச்சுது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாலு மணிக்குங்க. பின் கேட் வாட்ச்மேன் டீக்குப் போயிருந்தானாமா. ஆளில்லாத நேரமாப் பாத்து வெச்சிருக்கறானுக."



மறுநாள் காலை போலீஸ் வந்து பந்தலிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப்போனது. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஈர முகத்தோடேயே போனார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து காதோடு சொன்னது எனக்கும் கேட்டது: "ஏனுங்க அம்மணி, உங்கூட்டுக்காரரு மில்லுக்குப் படம் போட்டு வெச்சிருந்தாராமா? எங்கெங்க தீ வெக்கோணும்னு எழுதியிருக்குதாமா. லேபர் ஆபீசர் கைல இருக்குதுங்களாமா."

அண்ணன் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தேடினான். வெறும் கையை எடுத்தான். என்னைப் பார்த்தான். நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே அவன் காதில் சொன்னேன். அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிப்பாய்ப் பெட்டியை எடுத்து, மிச்சமிருந்ததையெல்லாம் உள்ளே போட்டு, மஞ்சப் பையில் வைத்தான்.

"அம்மா, ஆபீசுக்குப் போலாங்க. அது வெளையாட்டுன்னு காட்டோணும்."

விளையாட்டுப் படம் எப்படி ஆபீசுக்குப் போனதென்று அம்மாவுக்கு விளங்கவில்லை. ஆனால் கிளம்பினார். போகும் வழியில் அவர் முன்னால் நடக்க, அண்ணன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னான்: "படம் எப்படி வெளிய போச்சுன்னு கேட்டா நீ வாயத் தொறக்காதே. கொண்டுபோனது நானு. தெரியுதா?"

நான் தலையாட்டினேன். நண்பர்களே, அந்தத் தலையாட்டலைத்தான் நான் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

லேபர் ஆபீசர் அறையில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் எங்கள் காலண்டர் தாள், நாலு மூலையிலும் கண்ணாடிக் குண்டு வைத்து. ஒரு இன்ஸ்பெக்டர் நாற்காலியில் இருந்தார். அப்பா சுவரோரம் நின்றார். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. அலமாரி அருகே தோழியின் அப்பா, அந்த டைம் ஆபீஸ் கிளார்க், கையில் ஏதோ ஃபைலை வைத்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

அம்மா கும்பிட்டார். "ஏனுங்க சாமி, இது கொழந்தைக வெளையாட்டுங்க. பெட்டி கொண்டாந்திருக்கறமுங்க."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. விரலால் ஓரத்தைத் தட்டிப் படித்தார். "வாட்ச்மேன் டீ. பதினொண்ணு, நாலு. இதுவும் விளையாட்டா? யார் எழுதினது?"

வகுப்பில் கேட்டது போலக் கையைத் தூக்கினேன். "நானுங்க."

"உனக்கு யார் எழுதச் சொன்னா?"

"யாருமில்லீங்க. அந்த நேரத்துல செவப்புக்கு ரெட்ட ஆட்டமுங்க."

லேபர் ஆபீசர், "சிவப்பு! பார்த்தீங்களா?" என்றார். பந்தலில் கட்டியிருந்தது சிவப்புக் கொடி என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அண்ணன் பெட்டியைத் திறந்து சிப்பாய்களை வரைபடத்தின்மேல் வைத்தான். மெழுகு ஒட்டிய நீலக் குதிரை இரண்டு முறை விழுந்தது. நான் விதிகளைச் சொன்னேன். எத்தனை கட்டம், எப்போது பகடை, சுவருக்குப் பின்னால் என்றால் ஆறு. விருந்துக் கடலை மிட்டாயைக்கூடச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஒரு நீலச் சிப்பாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சிவப்பு நாலுதான் இருக்கு. மிச்சம்?"

அண்ணன் முந்திக்கொண்டான். "தொலஞ்சு போச்சுங்க. நாந்தான் இந்தப் படத்தையும் அதுகளையும் எடுத்துட்டு வெளையாடப் போனனுங்க. வேப்ப மரத்துக்கிட்ட மறந்து வெச்சுட்டு வந்துட்டனுங்க."

இன்ஸ்பெக்டர் கிளார்க்கைப் பார்த்தார். "நீங்க எங்க எடுத்ததா சொன்னீங்க?"

"அங்கதானுங்க சார்," என்றார் கிளார்க். "மரத்துக்கிட்ட. சுவரோரம்."

எனக்கு அப்போது குழப்பமாக இருந்தது. இவர் ஏன் பொய் சொல்கிறார்? ஜன்னல் வழியாக நான் கொடுத்தது அவர் மகள் கையில் அல்லவா? வயதான பிறகுதான் புரிந்தது. வரைபடத்தோடு ஆறு சிப்பாய்களும் பகடையும் அவர் கண்ணில் பட்டிருக்கும். அது விளையாட்டென்று அந்த அறையில் எங்களைத் தவிர அவருக்கு மட்டும் முன்பே தெரியும். ஆனால் தன் பெண் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து விளையாடுகிறாள் என்று ஆபீசுக்குத் தெரிந்தால் தன் வேலை என்ன ஆகுமோ என்று பயந்திருக்கிறார். படத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துத் தன் விசுவாசத்தைக் காட்டிவிட்டார். அவர் சொன்ன பொய்யும் அண்ணன் சொன்ன பொய்யும் ஒரே மரத்தடியில் வந்து சேர்ந்துவிட்டன.

அப்பா அண்ணனைப் பார்த்தார். அதுவரை அவர் யாரையும் பார்க்கவில்லை.

"சரி," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தச் சின்ன எழுத்து பிள்ளைங்க எழுத்து இல்ல. இது யார்?"

"நானுங்க," என்றார் அப்பா.

"ஆக நீயும் சேர்ந்துதான் போட்டிருக்கே."

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் அதற்கு எனக்குப் பதில் தெரியும். வாயைத் திறக்காதே என்று அண்ணன் சொன்னது இதற்கில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அப்பா தண்ணி மட்டுந்தான் எழுதுனாருங்க. படிச்சுப் பாருங்க. ஹைட்ரண்ட், வால்வு, மணல் வாளி. அப்பா ஒரே ஒரு ஆட்டந்தான் வெளையாண்டாருங்க. செவப்பு. குடோனுக்குப் போயி ஆறு விழுந்துதுங்க. ஆனாத் தீ வெக்கமாட்டேன்னுட்டாருங்க. எனக்கு விட்டுக் குடுத்துத் தோத்துப் போனாருங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"ஏய்யா, ஆட்டந்தானே? ஏன் வைக்கல?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பஞ்சுங்க. வெளையாட்டுக்குக்கூட மனசு வல்லீங்க." பிறகு, ஏதோ வேலை ஞாபகம் வந்தவர் போல, "அந்த மூலைல எண்ணெத் துணியும் கழிவும் ஒண்ணாக் கெடக்குதுங்க. ரெண்டு மாசமா ஆரும் கிண்டி உடல. அது தானாச் சூடேறிப் புடிக்குமுங்க. முந்தியே எழுதிக் குடுத்தனுங்க" என்றார்.

அதை யாரும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் மத்தியானம் அப்பாவை விட்டுவிட்டார்கள். படத்தைத் திருப்பித் தரவில்லை.

நான்தான் அப்பாவைக் காப்பாற்றினேன் என்று அன்று ஒரு பொழுது நினைத்துக்கொண்டேன். அது ஒரு பொழுதுதான் இருந்தது. பந்தலிலிருந்து கூட்டிப்போன மற்ற இரண்டு பேரை விடுவிக்க எட்டு நாள் ஆனது. அப்பா மட்டும் ஒரே நாளில் எப்படி வெளியே வந்தார்? ஏதாவது பெயர் சொல்லித்தான் வந்திருக்க வேண்டும். இப்படித்தான் லைனில் பேச்சு ஆனது. குழாயடிக்கு அம்மா போனால் பேச்சு நிற்கும். அப்பா பந்தலில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள். வராத நாளே இல்லாத மனிதர் போவதை நிறுத்தினார். அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை என்று அந்த அறையில் இருந்த எனக்குத் தெரியும். குழாயடியில் நின்று நான் அதைக் கத்திச் சொல்லியிருக்கலாம். பத்து வயதுகூட ஆகாதவள் பேச்சை யார் கேட்டிருப்பார்கள் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

தை மாதம் வேலைநிறுத்தம் முடிந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். வெள்ளகோவிலில் பெரியப்பா விசைத்தறி போட்டிருந்தார். அங்கே போவதென்று முடிவானது. சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று தோழி தன் குவார்ட்டர்ஸ் கேட்டருகே நின்றாள். கன்னம் வற்றி மெலிந்திருந்தாள். வலது கையை மூடி வைத்திருந்தாள். என் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தாள். உள்ளிருந்து அவள் அப்பா கூப்பிட்டார். போய்விட்டாள். அந்தக் கையில் என் சிப்பாய்கள் இருந்தார்களா, சும்மா மூடியிருந்தாளா, தெரியாது. அவளை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

அப்பா மில்லைத் திட்டவில்லை. போலீசைத் திட்டவில்லை. ஆனால் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அடிக்கவில்லை, ஒரு சொல் கடிந்துகொள்ளவுமில்லை. "அவனச் சாப்படச் சொல்லு," "அவனப் பெரியப்பங்கூடப் போகச் சொல்லு" என்று எல்லாம் அம்மா வழியாகத்தான். தன் கை எழுத்து இருந்த காகிதத்தை மரத்தடியில் போட்டுவிட்டு வந்த பையன் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அண்ணன் ஒரே அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவான். சோறு வேண்டுமென்றால் தட்டை அம்மா பக்கம் நகர்த்துவான். முன்னைவிடக் குறைவாகப் பேசினான். தூங்கும்போது பல்லைக் கடிக்க ஆரம்பித்தான்.

நான் தினமும் சொல்லிவிட வேண்டுமென்று எழுந்திருப்பேன். அப்பா "கண்ணு, வா" என்று கூப்பிட்டு என் தலையில் கை வைப்பார். வாய் மூடிக்கொள்ளும். சொன்னால் அந்தக் கை போய்விடுமே என்ற பயம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராமல் போனது. சாப்பிட்டது நிற்காமல் வெளியே வந்தது. அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போனார். மந்திரித்தவர் நான் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறேன் என்று சொல்லி விபூதி போட்டார்.

ஆனி மாதக் காற்று புழுதியை வாரி வீசிய ஒரு பகலில், அப்பாவுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுக்கத் தறிக் கொட்டகைக்குப் போனேன். எட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்காது. அந்த இரைச்சலில் சொன்னால் சொன்னது போலவும் இருக்கும், அவருக்குக் கேட்காமலும் போகலாம் என்று ஒரு கோழைத்தனமான எண்ணம். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன்: "படத்தக் குடுத்தது நானுங்கப்பா. அண்ணனில்லீங்க."

அவருக்குக் கேட்டுவிட்டது. மெக்கானிக் காது. தறியை நிறுத்தினார், அடுத்ததையும் நிறுத்தினார், ஒவ்வொன்றாக எட்டையும் நிறுத்தினார். அவ்வளவு நேரமும் என் பக்கம் திரும்பவில்லை.

"மறுக்காச் சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னுக்கு வீங்கி, ஜன்னல், ஆறு சிப்பாய், வழியில் அண்ணன் கையைப் பிடித்தது. அவர் கையில் அறுந்த நூல் ஒன்று இருந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அவனக் கூப்புடு."

அண்ணன் வெளியே தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கை ஈரத்தோடு வந்து நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏஞ்சாமி அப்படிச் சொன்னே?" என்றார் அப்பா. ஏழு மாதத்தில் நேராக அவனிடம் பேசிய முதல் சொல்.

அண்ணன் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தான். "பாப்பா அழுதுட்டே இருந்துதுங்க. ஆராச்சும் ஒருத்தரு சொல்லித்தானுங்களே ஆகோணும்."

"அங்க சரி. அப்பறமேலு எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீங்க அவகிட்ட மட்டுந்தானுங்க அப்பச் சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க."

அப்பா தறிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பெரியப்பா வீட்டிலிருந்து, "ஏன் தறி நின்னு போச்சு? கரண்ட் போயிருச்சா?" என்று குரல் வந்தது.

அப்பா எழுந்து, "நாடாவில நூல் தீந்துபோச்சு பாரு. மாத்தி உடு, வா" என்று அண்ணனைக் கூப்பிட்டார். அவன் போனான். தறியில் குறுக்கே ஓடும் அந்த நாடாவில் இருவரும் குனிந்து நூலை மாற்றினார்கள். அப்பா தறிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். இரைச்சல் மறுபடியும் கொட்டகையை நிறைத்தது. அப்பா அண்ணனின் தோளில் கை போட்டு, அவன் காதருகே குனிந்து ஏதோ பேசினார். அண்ணன் தலையை ஆட்டினான். அவர் இன்னும் பேசினார். நீளமாக. அவ்வளவு பேசி நான் அவரைப் பார்த்ததில்லை. அண்ணனும் பதில் சொன்னான், ஒருமுறை சிரித்தான்.

மோர்ச் சொம்பை வைத்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். அவர்கள் வாய் அசைவதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்கவில்லை.